கட்டடப் பிளானும் தீ அபாயமும்

கலியாண மண்டபமோ பள்ளிக்கூடமோ கட்ட அனுமதி கோரி மனு வரும்பொழுது, பஞ்சாயத்து அங்கத்தினர்கள் மனையின் எல்லையையும், சாலைக்கு விட்ட இடத்தையும், கட்டணத்தையும் பார்த்துத் திருப்தி அடைந்துவிடுவது வழக்கம். தீப்பிடித்தால் உள்ளிருப்போர் எவ்வழியாக வெளியேறுவர் என்ற கேள்வி எழுவது அரிது. பிளான் காகிதத்தில் இருக்கும்வரை இரண்டாவது மாடிப்படியைச் சேர்ப்பது எளிது. சுவர் எழும்பிய பின் அதற்கு இடமும் இராது, பணமும் இராது.

2004-ஆம் ஆண்டு தமிழ்நாட்டில் நேர்ந்த இரு விபத்துக்களை நினைவுகூர வேண்டும். ஜனவரி 23-ஆம் தேதி ஸ்ரீரங்கத்தில் ஒரு திருமண மண்டபத்தின் மாடியில் இருந்த கீற்றுப் பந்தல் தீப்பற்றியது. மணமகன் உட்பட ஐம்பதுக்கும் மேற்பட்டோர் மாண்டனர். ஜூலை 16-ஆம் தேதி கும்பகோணத்தில் ஒரு பள்ளியின் சமையற்கூடத்தில் பற்றிய தீ, மாடி வகுப்பின் கீற்றுக் கூரைக்குத் தாவி 94 குழந்தைகளைப் பலிகொண்டது. இரண்டிடத்திலும் தலைக்கு மேல் கீற்று. இறங்குவதற்கோ குறுகலான படி. கீற்றுக் கூரை எரியும்பொழுது கட்டியுள்ள கயிறு விரைவில் அறுந்து, மூங்கிலும் ஓலையும் எரிந்தபடியே கீழே விழும். தப்புவதற்குக் கிடைக்கும் நேரம் மிகச் சொற்பம்.

ஆகவே பிளானை விரித்ததும் முதலில் மாடிப்படியைத் தேடுங்கள். பள்ளியின் படி ஒன்றரை மீட்டர் அகலமேனும் இருத்தல் வேண்டும் என்பது 2016-ஆம் ஆண்டின் தேசியக் கட்டட விதித்தொகுப்பு கூறும் அளவு. படிக்கு அடியில் அடுப்போ, எரிவாயு உருளையோ, மின்சார மீட்டரோ காட்டப்பட்டிருந்தால் ஆட்சேபம் தெரிவியுங்கள். அங்கே தீப்பற்றினால் புகை மேலே ஏறும். இறங்க வேண்டிய வழியே புகைபோக்கியாகிவிடும். கதவுகள் வெளிப்புறம் திறக்க வேண்டும். உட்புறம் திறக்கும் கதவைக் கூட்டம் நெருக்கும்பொழுது எவராலும் இழுக்க இயலாது.

பிளானில் இல்லாததையும் கேட்டறிவது நலம். மொட்டை மாடி என்று வரைந்த இடத்தில் பின்னர் கீற்றுக் கொட்டகை எழுவது நாம் காணாததன்று. அங்கே பந்தல் போடலாகாது என்பதை அனுமதியிலேயே நிபந்தனையாக எழுதச் செய்து, முகூர்த்த காலத்தில் நேரில் சென்று பார்க்க வேண்டும். மண்டபம் கட்டுவோர் பெரும்பாலும் ஊரில் செல்வாக்குள்ளவர். அங்கத்தினருக்கு உறவினராகவும் இருக்கக்கூடும். வாயால் சொன்னதை மறுக்கலாம், எழுத்தில் உள்ளதை மறுப்பது கடினம். பெரிய கட்டடங்களைத் தீயணைப்புத் துறையினர் பார்ப்பார்கள் என்று இதை விட்டுவிடுவது சரியன்று. நாள்தோறும் அவ்வழியே நடப்பவர்கள் நாமே.

தண்ணீர் நிரம்பிய தீயணைப்பு வண்டி பெரும் பாரமுடையது. மண்டபத்திற்குச் செல்லும் வழியில் வாய்க்கால் பாலம் அதைத் தாங்குமா, வளைவில் வண்டி திரும்புமா என்பதையும் பார்த்துக்கொள்ளுங்கள். 101 என்ற எண்ணுக்குத் தகவல் போய் வண்டி வந்துவிட்டாலும், பாலத்தருகே நின்றுவிட்டால் பயனில்லை. பக்கத்துக் களத்தில் வைக்கோற்போர் போடும் விவசாயிகள், அவ்வழியை அடைக்காமலும், சமையற்கட்டுக்கும் மின்கம்பிக்கும் எட்ட விலக்கியும் போட வேண்டும்.