‘எல்லாம் ஃபுல்’: எந்தக் கணக்கில்?

ஒவ்வொரு டிசம்பரிலும் பள்ளி விடுமுறை தொடங்கும் வாரத்தில் இந்த அழைப்பு வந்துவிடும். “அக்கா, அப்பா அம்மா ஜனவரி ரெண்டாம் தேதி ஊருக்குக் கிளம்புறாங்க. பேரன் பேத்தியோட ஒருநாள் டிஸ்னிலேண்ட் காட்டிடலாம்னு பாத்தா, எந்தத் தேதியைத் தொட்டாலும் இல்லைங்குது. உங்களுக்குத் தெரிஞ்சவங்க யாராவது உள்ளே வேலை பாக்குறாங்களா?”

தெற்குக் கலிஃபோர்னியாவில் பல ஆண்டுகளாகக் குடியிருப்பதால் என்னிடம் கேட்கிறார்கள். அந்தக் குரலில் இருக்கும் பதற்றம் எனக்குப் புரியும். முழங்கால் வலியோடு இருபது மணி நேரம் விமானத்தில் வந்த பெற்றோர் இன்னொரு முறை வருவார்களா என்பது யாருக்கும் தெரியாது. அந்தப் பதற்றத்தில்தான் பணம் பறிபோகிறது. ஆகவே, என் காதில் விழும் நம்பிக்கைகளை ஒவ்வொன்றாக எடுத்துப் பார்க்கிறேன்.

“ஃபுல் என்றால் பூங்காவில் இடமே இல்லை”

எல்லாக் குழப்பத்துக்கும் வேர் இதுதான், அதனால் இங்கே கொஞ்சம் நின்று பேச வேண்டும்.

அனாஹைம் நகரில் உள்ள டிஸ்னிலேண்ட் 2020 மார்ச்சில் மூடப்பட்டு, 2021 ஏப்ரல் 30 அன்று மீண்டும் திறந்தது. அப்போது வந்ததுதான் தேதி முன்பதிவு. அதன்பின் அங்கே நுழைய இரண்டு பொருள்கள் வேண்டும்: ஒன்று டிக்கெட், மற்றொன்று குறிப்பிட்ட நாளுக்கும் குறிப்பிட்ட பூங்காவுக்கும் ஆன முன்பதிவு. ஒன்று கையில் இருந்து மற்றது இல்லையென்றால் வாயிலைத் தாண்ட முடியாது.

அந்த முன்பதிவு இடங்களும் ஒரே குவியலாக இல்லை. நம்மூர் ரயிலில் பொதுக் கோட்டா, தட்கல் கோட்டா, லேடீஸ் கோட்டா என்று பிரித்து வைத்திருப்பதுபோல, நாள் டிக்கெட் வாங்குவோருக்கு ஒரு பங்கு, ஆண்டுச் சந்தாக்காரர்களுக்கு ஒரு பங்கு என்று பிரித்திருக்கிறார்கள். ஒரு பங்கு தீர்ந்த நாளில் மற்றதில் இடம் இருக்கலாம்.

இது நீதிமன்றம் வரை போன விஷயம். 2021 ஆகஸ்ட்டில் ‘மேஜிக் கீ’ என்ற ஆண்டுச் சந்தா அறிமுகமானது. அதில் உச்ச வகையான ‘ட்ரீம் கீ’யின் விலை 1,399 டாலர்; சந்தாக்காரர் நுழைய முடியாத ‘தடை நாட்களே’ கிடையாது என்று சொல்லி விற்கப்பட்டது. வாங்கிய ஒருவர் நவம்பர் மாதத் தேதிகளைப் பார்த்தபோது பல நாட்கள் அடைபட்டிருந்தன. அதே நாட்களுக்கு நாள் டிக்கெட் விற்பனை மட்டும் நடந்துகொண்டிருந்தது. அவர் தொடுத்த வழக்கு, சந்தாக்காரர்கள் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்டோரின் பொது வழக்காகி, 2023இல் 95 லட்சம் டாலர் சமரசத்தில் முடிந்தது. தவறு செய்ததாக நிறுவனம் ஒப்புக்கொள்ளவில்லை. ஆனால் ‘ஃபுல்’ என்ற சொல்லை இனி எப்படிப் படிக்க வேண்டும் என்பது எனக்குத் தெளிவாகிவிட்டது. நீங்கள் நிற்கும் வரிசையின் பங்கு இந்த நிமிடத்தில் தீர்ந்திருக்கிறது என்பதற்கு மேல் அதற்குப் பொருள் இல்லை.

இந்த நிமிடத்தில் என்று சொன்னதையும் கவனியுங்கள். சந்தாக்காரர் ஒருவர் முன்பதிவு செய்துவிட்டு வராமல் இருந்தால் அது கணக்கில் ஏறும். 90 நாட்களுக்குள் மூன்று முறை அப்படி நடந்தால் 30 நாட்களுக்குப் புது முன்பதிவு செய்ய முடியாது. வர முடியாதவர் முந்தைய நாள் இரவு 11:59க்குள் ரத்து செய்துவிட்டால் இந்தக் கணக்கில் சிக்கமாட்டார். ஆகவே பலர் கடைசி இரவில்தான் இடத்தை விடுகிறார்கள். நாள் டிக்கெட் வைத்திருப்பவர்களுக்குப் பணம் திரும்பக் கிடைக்காது, ஆனால் தேதியை மாற்றிக்கொள்ளலாம். குழந்தைக்குக் காய்ச்சல், விமானம் தாமதம், மழை என்று அவர்கள் மாற்றும்போது பழைய தேதியில் ஓர் இடம் காலியாகிறது. நிறைந்துபோன தேதி இப்படித்தான் திறக்கிறது. அதைப் பிடிப்பவர் அந்த நேரத்தில் பார்த்துக்கொண்டிருப்பவர் மட்டுமே. எந்தச் சிபாரிசுக்கும் அங்கே வேலை இல்லை.

குளிர்காலத்தில் கலிஃபோர்னியாவின் இரவு 11:59 என்பது சென்னையில் மறுநாள் பிற்பகல் 1:29. இங்கே நாள் முழுக்க ஓடிக் களைத்தவர்கள் தூங்கிக்கொண்டிருக்க, அங்கே மதியச் சாப்பாட்டை முடித்த தம்பி ஒருவர் முன்பதிவுக் காலண்டரைப் பார்த்துச் சொல்லலாம். எனக்குத் தெரிந்த ஒரு குடும்பத்தில் இது பலித்திருக்கிறது.

“ஆறு பேருக்கும் சேர்த்துத்தான் தேட வேண்டும்”

ரத்தாகி வரும் இடங்கள் ஒன்றும் இரண்டுமாகத்தான் வரும். ஆறு பேர் என்று போட்டுத் தேடினால், ஆறு இடமும் ஒருசேர இருந்தால்தான் திரை ‘உண்டு’ என்று சொல்லும். இரண்டிரண்டாகத் தேடுங்கள். இதில் ஆபத்து உண்டு என்பதையும் சொல்லிவிடுகிறேன்: நாலு பேருக்குக் கிடைத்து இரண்டு பேருக்குக் கிடைக்காமல் போகலாம். அப்போது யார் வீட்டில் இருப்பது என்பதை முன்பே பேசி வைத்துக்கொள்ளுங்கள். டிக்கெட் இனி வாங்கப்போகிறவராக இருந்தால், முதலில் தேதி இருக்கிறதா என்று பாருங்கள், பிறகு பணத்தைக் கட்டுங்கள். அலுவலகச் சலுகையிலோ மொத்தவிலைக் கடையிலோ வாங்கும் டிக்கெட்டோடு முன்பதிவு ஒட்டிக்கொண்டு வராது. இந்த ஒரு விஷயத்தில் ஏமாந்தவர்களைத்தான் நான் அதிகம் பார்த்திருக்கிறேன்.

மூன்று வயது நிறையாத குழந்தைக்கு டிக்கெட்டும் வேண்டாம், முன்பதிவும் வேண்டாம். அந்தக் குழந்தையையும் சேர்த்து எண்ணித் தேடி, இடமில்லை என்று விட்டவர்களும் உண்டு.

“டிஸ்னிலேண்ட் இல்லையென்றால் அந்த நாள் போச்சு”

அனாஹைமில் இருப்பவை இரண்டு பூங்காக்கள். 1955இல் திறந்த பழைய டிஸ்னிலேண்ட் ஒன்று, 2001இல் திறந்த கலிஃபோர்னியா அட்வென்ச்சர் மற்றொன்று. இரண்டின் வாயில்களும் ஒரே முற்றத்தில் எதிரெதிரே இருக்கின்றன, நடந்தால் சில நிமிடம். பழைய பூங்கா நிறைந்த நாளில் புதியதில் இடம் இருந்தால், இரண்டிலும் நுழையவிடும் ‘ஹாப்பர்’ டிக்கெட்டோடு அதற்கு முன்பதிவு செய்யலாம். முதலில் அங்கே நுழைந்து, பிறகு இங்கே வரலாம். பூங்கா மாற நேரக் கட்டுப்பாடு உண்டா என்பதை மட்டும் அன்றைக்குப் பார்த்துக்கொள்ள வேண்டும். முதலில் பிற்பகல் 1 மணி என்று வைத்திருந்தார்கள், 2023இல் காலை 11 என்று ஆக்கினார்கள். ஹாப்பருக்குக் கூடுதல் விலை உண்டு. ஒரு நாள், ஒரு பூங்கா டிக்கெட்டே நாளைப் பொறுத்து 104 டாலரில் தொடங்கி 200 டாலரைத் தாண்டுகிறது. நாலு பேர் குடும்பத்துக்கு இது சிறு தொகை அல்ல, யோசித்துத்தான் செய்ய வேண்டும்.

“அங்கேயே ஹோட்டல் போட்டால் உள்ளே விட்டுத்தான் ஆகணும்”

அனாஹைமில் டிஸ்னியின் சொந்த ஹோட்டலில் தங்கினாலும் டிக்கெட்டும் முன்பதிவும் தனியாக வேண்டும். அறைக்குப் பணம் கட்டுவதற்கு முன் தேதியை உறுதிசெய்யுங்கள். உள்ளே வேலை பார்க்கும் நண்பரின் கதையும் இதேதான். ஊழியர்களின் இலவச அனுமதிக்கும் தடை நாட்கள் உண்டு, கூட்டம் மிகுந்த நாட்கள்தான் பெரும்பாலும் அவை. அவரைச் சங்கடப்படுத்த வேண்டாம்.

“யாரோ மிச்சம் வைத்த நாட்களை வாங்கிக்கொள்ளலாம்”

இதைப் பற்றிக் கோபத்தோடுதான் எழுத முடிகிறது. நண்பர் குடும்பம் ஒன்று, ஐந்து நாள் டிக்கெட்டில் மிச்சமிருக்கும் இரண்டு நாள் என்று முகம் தெரியாத ஒருவரிடம் வாங்கியது. வாயிலில் ஸ்கேன் செய்ததும் ஊழியரின் திரையில் வேறு யாருடைய முகமோ வந்தது. முதல்முறை நுழையும்போதே டிக்கெட்டுக்கு உரியவரைப் படம் எடுத்து இணைத்துவிடுகிறார்கள். தாத்தாவும் பாட்டியும் வெயிலில் நிற்க, குழந்தைகள் அழ, அவர்கள் திரும்பி வந்தார்கள். பணத்தை விட அந்த முகங்கள்தான் எனக்கு மறக்கவில்லை.

ஃப்ளோரிடாவின் ஆர்லாண்டோவில் உள்ள வால்ட் டிஸ்னி வேர்ல்டில் படத்துக்குப் பதிலாக விரலை வைக்கச் சொல்வார்கள். ஒருமுறை நுழைந்து பயன்படுத்திய பலநாள் டிக்கெட்டை மற்றவருக்கு விற்பது அந்த மாநிலச் சட்டப்படியே குற்றம். அந்தப் பக்கத்து நெடுஞ்சாலைகளில் ‘பாதி விலை டிக்கெட்’ என்று பலகை வைத்த சாவடிகளையும் பார்க்கலாம். அவற்றில் பல, விடுமுறை வீட்டுப் பங்குத் திட்டத்தை விற்கும் கூட்டத்தில் உங்களை உட்காரவைப்பதற்கான தூண்டில். ஊரைச் சுற்றிப் பார்க்க வந்த பெரியவர்களின் ஒரு காலைப்பொழுது அதில் கரைந்துவிடும்.

போலிச் சீட்டு அனாஹைமுக்குப் புதிதும் அல்ல. 1955 ஜூலை 17, ஞாயிற்றுக்கிழமை. டிஸ்னிலேண்டின் திறப்பு விழா அழைப்பாளர்களுக்கு மட்டும் என்று வைக்கப்பட்டு, தொலைக்காட்சியில் நேரலையாகவும் போனது. அன்று உள்ளே இருந்தவர்கள் ஏறத்தாழ 28,000 பேர். அவர்களில் ஏறக்குறைய பாதிப்பேர் போலி அழைப்புச் சீட்டோடு வந்தவர்கள் என்பது கணக்கு. உணவும் தண்ணீரும் போதவில்லை. காகிதத்தை அச்சடித்து ஏமாற்ற முடிந்த காலம் அது. இன்றைய டிக்கெட்டின் உயிர் காகிதத்தில் இல்லை, அவர்களுடைய கணினியில் ஒரு பெயரோடும் முகத்தோடும் கட்டப்பட்டிருக்கிறது.

“எல்லா டிஸ்னிக்கும் ஒரே விதி”

குடும்பக் குழுக்களில் சுற்றும் அறிவுரைகள் பெரும்பாலும் 2020, 2021இல் யாரோ போய்வந்த அனுபவம். ஆர்லாண்டோவில், தேதி குறித்த சாதாரண டிக்கெட்டுக்கு முன்பதிவு வேண்டும் என்ற விதியை 2024 ஜனவரி 9 முதல் எடுத்துவிட்டார்கள். தேதி டிக்கெட் இருந்தால் போதும். ‘முன்பதிவு கிடைக்கவில்லை’ என்று ஃப்ளோரிடாப் பயணத்தையே தள்ளிப்போட்ட ஒருவரிடம் இதைச் சொன்னபோது அவர் முகம் வாடியதைப் பார்த்தேன்.

ஆர்லாண்டோவில் நிறைந்துபோவது வேறு: சாப்பாட்டு மேசை. மிக்கியோடு காலை உணவு, கோட்டைக்குள் விருந்து என்று குழந்தைகள் கேட்பவை 60 நாள் முன்பே திறந்து வேகமாகத் தீர்ந்துவிடும். பெரும்பாலான உணவகங்களில் இரண்டு மணி நேரம் முன்புவரை ரத்து செய்யலாம், அதற்குப் பின் தலைக்கு 10 டாலர் அபராதம். ஆகவே மேசைகள் முந்தைய இரவும், சாப்பாட்டு நேரத்துக்கு இரண்டு மணி நேரத்துக்குச் சற்று முன்பும் விடுபடுகின்றன. காலையில் பூங்காவுக்குள் நடந்துகொண்டே பார்த்து மதியத்துக்கு மேசை பிடித்தவர்கள் நிறைய.

டோக்கியோ டிஸ்னிலேண்டை நடத்துவது டிஸ்னியே அல்ல, ஓரியண்டல் லேண்ட் என்ற ஜப்பானிய நிறுவனம். அங்கே பெரியவருக்கான நாள் சீட்டு 2023 அக்டோபரில் 7,900 முதல் 10,900 யென் என்று ஆனது, விற்பனை இரண்டு மாதம் முன்பு தொடங்கும். விடிகாலையில் போய் வாயிலில் வாங்கலாம் என்று நம்பிப் போகாதீர்கள், அன்றைய சீட்டும் மிச்சமிருந்தால் இணையத்தில்தான். அங்கும் பணம் திரும்பாது, தேதி மாற்றலாம். எனவே நிறைந்த நாளில் இடம் திரும்பிவரும் கதை அங்கும் உண்டு.

“உள்ளே போய்விட்டால் எல்லாம் கிடைக்கும்”

ஒசாகாவின் யுனிவர்சல் ஸ்டுடியோஸ் ஜப்பான் இதற்குச் சரியான பாடம். 2021 மார்ச்சில் அங்கே சூப்பர் நின்டெண்டோ வேர்ல்ட் திறந்தது. மாரியோவைப் பார்க்கவே குழந்தைகள் போகிறார்கள். ஆனால் கூட்ட நாட்களில் பூங்கா டிக்கெட் அந்தப் பகுதிக்குள் விடாது. பூங்காவுக்குள் நுழைந்தபின், செயலியில் நேரம் குறித்த தனி அனுமதிச் சீட்டு எடுக்க வேண்டும், அது தீர்ந்தும்போகும். விடிகாலையிலேயே வரிசையில் நின்று, கதவு திறந்ததும் நேராக அங்கே போகிறவர்களுக்குப் பல நாட்களில் அந்தச் சீட்டே தேவைப்படுவதில்லை. காத்திருப்பைக் குறைக்கும், மாரியோ சவாரி அடங்கிய எக்ஸ்பிரஸ் பாஸ் வாங்கினால் நுழைவு நேரமும் அதிலேயே வந்துவிடும், விலை கூடுதல். பத்து மணிக்கு நிதானமாகக் கிளம்பும் குடும்பத்துக்கு இதை முன்கூட்டியே சொல்லிவிட வேண்டும்.

டிஸ்னியின் அமெரிக்கப் பூங்காக்களில் நடக்கும் ஹாலோவீன் இரவு விழாக்களும் அப்படித்தான், பகல் டிக்கெட் அங்கே செல்லாது. கலிஃபோர்னியா அட்வென்ச்சரின் ஹாலோவீன் விழாவுக்கு உரிய டிக்கெட் இருந்தால் மூன்று மணி நேரம் முன்பே உள்ளே போகலாம், அதற்குத் தனி முன்பதிவும் வேண்டாம்.

கடைசி இரவும் பார்த்தாயிற்று, எதுவும் விடுபடவில்லை என்ற நாளும் வரும். அப்படி ஒரு முறை, என்னைக் கேட்டவரிடம் பெரியவர்களை டவுன்டவுன் டிஸ்னிக்கு அழைத்துப் போகச் சொன்னேன். இரண்டு பூங்காக்களின் வாயிலை ஒட்டிய கடைத்தெரு அது. நுழைவுக்குக் கட்டணம் இல்லை, கார் நிறுத்தத்துக்கு மட்டும் உண்டு. உட்கார இடம் இருக்கிறது, காப்பி கிடைக்கும், பாட்டு நடக்கும். அன்று வாணவேடிக்கை இருந்த இரவு. பூங்காவுக்கு வெளியே நின்று, தலைக்கு மேலே வெடித்த வெளிச்சத்தைத் தாத்தாவின் தோளில் உட்கார்ந்து பேத்தி பார்த்த படத்தை அவர் எனக்கு அனுப்பியிருந்தார்.