போன வாரம் நான் சொன்னது தப்பு: ரைனும் 25 அட்டைகளும்



"நம்ம பையன் ஒருத்தனுக்கு அபூர்வ சக்தி இருக்கு, அட்டையைப் பார்க்காமலே உள்ளே என்ன படம்னு சொல்றான்" என்று போன வாரம் பள்ளி முழுக்கச் சொல்லி வைத்தது நான்தான். அது எப்படிப் புஸ்ஸென்று போனது என்று சொல்வதற்கு முன்னால், அந்த அட்டைகளைப் பிரபலமாக்கியவரைப் பற்றித் தெரிந்துகொள்ளுங்கள்.

அவர் பெயர் ஜோசப் பேங்க்ஸ் ரைன். 1895-ல் அமெரிக்காவின் பென்சில்வேனியாவில் பிறந்தவர். படித்தது என்ன தெரியுமா? தாவரவியல்! சிகாகோவில் டாக்டர் பட்டம் வாங்கினார். மனைவி லூயிசாவும் தாவரவியலில் டாக்டர். ஷெர்லாக் ஹோம்ஸ் கதைகளை எழுதிய கோனன் டாயில், ஆவிகளோடு பேசலாம் என்று சொற்பொழிவு செய்துவந்த காலம் அது. அதைக் கேட்ட ரைன், உண்மையா என்று சோதித்தே பார்க்கலாம் எனக் கிளம்பிவிட்டார்.

1926-ல் பாஸ்டன் நகரில் மார்ஜரி என்ற பிரபல மீடியத்தின் இருட்டறைக் கூட்டத்துக்குப் போனார். ஆவி தூக்குவதாகச் சொன்ன பொருளை அந்த அம்மா காலால் நகர்த்தியதைக் கண்டுபிடித்து எழுதிவிட்டார். பலே ஆள்தான்! ஆனால் அடுத்த ஆண்டே ரிச்மண்டில் 'லேடி வொண்டர்' என்ற குதிரை மனதைப் படிக்கிறது என்று நம்பிவிட்டார். எஜமானி காட்டும் சைகையைப் பார்த்துத்தான் குதிரை பதில் சொல்கிறது என்று மில்பர்ன் கிறிஸ்டோபர் என்ற மேஜிக் நிபுணர் பிற்பாடு காட்டினார்.

1927-ல் வட கரோலினாவின் டியூக் பல்கலைக்கழகத்துக்கு வந்தார் ரைன். அங்கே கார்ல் ஸீனர் வரைந்து கொடுத்தவைதான் அந்த அட்டைகள். வட்டம், கூட்டல் குறி, அலைக்கோடு, சதுரம், நட்சத்திரம். ஒவ்வொன்றிலும் 5, மொத்தம் 25. குருட்டாம்போக்கில் சொன்னால் சராசரியாக 5 சரியாக வரும். நம் நிகழ்தகவுப் பாடம்தான்! இருட்டறை வேண்டாம், எண்ணிப் பார்த்தால் போதும் என்பது எனக்கு ரொம்பப் பிடித்தது. 1934-ல் அவர் எழுதிய புத்தகத்துக்குப் பிறகு இ.எஸ்.பி. என்ற சொல் ஊரெல்லாம் பரவியது.

அவருடைய பெரிய ஆதாரம் ஹூபர்ட் பியர்ஸ் என்ற மாணவர். அட்டைகள் ஒரு கட்டிடத்தில், பியர்ஸ் வேறொரு கட்டிடத்தில். 1850 முறை சொன்னதில் 370 சரியாக வந்திருக்க வேண்டும். வந்ததோ 558! ஆனால் பியர்ஸ் தனியாக இருந்தார், கூட யாரும் காவல் இல்லை; நழுவி வந்து எட்டிப் பார்த்திருக்கலாமே என்றார் ஹான்சல் என்ற உளவியலாளர். பார்த்தார் என்பதற்கும் சாட்சி இல்லை, பார்க்கவில்லை என்பதற்கும் இல்லை. இதற்கிடையே 1936-ல் பிரின்ஸ்டனில் காக்ஸ் என்பவர் 132 பேரிடம் 25,064 முறை சீட்டு வைத்துச் சோதித்துவிட்டு, ஒன்றும் இல்லை என்று சொல்லிவிட்டார்.

இனி என் கதை. நானும் அட்டை செய்தேன். வெள்ளைத் தாள், ஸ்கெட்ச் பேனா. நாற்பது பேரிடம் விளையாடினேன். இரண்டு பேர் 9 எடுத்தார்கள். (கணக்குப்படி நாற்பது பேரில் ஒன்றிரண்டு பேர் சும்மாவே 9 எடுப்பார்களாம்!) என் நண்பன் மட்டும் 11. உடனே தம்பட்டம் அடித்துவிட்டேன்.

ரைன் பற்றி மேலும் படித்தபோது ஒரு வரி சுருக்கென்றது. 1937-ல் கடைகளில் விற்ற ஸீனர் அட்டைகளில் வெளிச்சம் பட்டால் படம் பின்பக்கம் தெரிந்ததாம். ஓடிப்போய் என் அட்டையை ஜன்னலோரம் பிடித்தேன். நட்சத்திரம் பளிச்! அவன் உட்கார்ந்ததும் ஜன்னலைப் பார்த்துத்தான். கேட்டேன். "தெரிஞ்ச மாதிரிதான் இருந்துச்சு, அதான் சக்தின்னு நெனச்சேன்" என்றான். பொய் சொன்ன மாதிரி எனக்குத் தோன்றவில்லை.

கெட்டியான கல்யாணப் பத்திரிகை அட்டையில் புதிதாகச் செய்தேன். ஐந்து சுற்று: 4, 6, 7, 3, 4. அவன் இரண்டு நாள் என்னிடம் பேசவே இல்லை.

உண்மையைச் சொன்னால், அந்த 11-ஐ மட்டும் எழுதலாமா என்று ஒரு ராத்திரி யோசித்தேன். ரைனுக்கும் இப்படி ஒரு சோதனை வந்தது. ஏமாற்றிய ஆராய்ச்சியாளர்களைப் பற்றி 1974-ல் எழுதினார், ஆனால் பெயர்களை மறைத்தார். இது எனக்குப் பிடிக்கவில்லை. சில மாதத்திலேயே அவருடைய நிலையத்தின் இயக்குநர் வால்டர் லெவி, எலிகளை வைத்துச் செய்த சோதனையில் முடிவுகளைத் திருத்தியதைக் கூட வேலை செய்தவர்களே கண்டுபிடித்தார்கள். லெவி விலகினார். ரைனுக்கு வயது 78. சத்தமில்லாமல் மூடிவிடாமல், தன் இதழிலேயே அதை வெளியிட்டார். 1980-ல் காலமானார்.

அதனால்தான் எல்லா எண்ணும் இங்கே இருக்கிறது. புது அட்டைகள் என் பையில் உள்ளன. மதியம் சாப்பிட்டதும் வாருங்கள். ஜன்னலுக்கு முதுகு காட்டித்தான் உட்கார வேண்டும்!

– 10-ஆம் வகுப்பு, 'ஆ' பிரிவு