குக்கர் கேக்கும் ரெண்டு அரியரும்



மெக்கானிக்கல்காரன் கேக் பற்றி எழுதுகிறானே என்று சிரிக்க வேண்டாம். நாலாவது செமஸ்டர் ரிசல்ட் வந்தபோது எனக்கு ரெண்டு அரியர். அப்பா பேச்சை நிறுத்திவிட்டார். நானும் யாரிடமும் பேசவில்லை. ஐந்தாம் நாள் அக்கா சல்லடையைக் கையில் திணித்து, "மோட்டுவளையையே பார்த்துக்கிட்டு இருக்காதடா, இந்த மைதாவைச் சலிச்சுக் குடு" என்றாள்.

எங்கள் வீட்டில் ஓவன் கிடையாது. பழைய குக்கர் ஒன்று போதும் (புதுசில் வேண்டாம், வெறுஞ்சூட்டில் அடி கெட்டுவிடும்). கேஸ்கட்டையும் வெயிட்டையும் கட்டாயம் கழற்றிவிட வேண்டும். தண்ணீர் ஊற்றக் கூடாது. அடியில் கல் உப்பு பரப்பி, மேலே ஸ்டாண்ட் வைத்து, மூடி, பத்து நிமிடம் சூடேற்ற வேண்டும். நாம் உருப்போட்ட கண்டக்ஷன், கன்வெக்ஷன் எல்லாம் உள்ளே நடக்கிறது!

ஒரு கப் கெட்டித் தயிரில் முக்கால் கப் சர்க்கரையைக் கரைத்து, ஒன்றேகால் டீஸ்பூன் பேக்கிங் பவுடரும் அரை டீஸ்பூன் சமையல் சோடாவும் போட்டால் நுரைத்துக்கொண்டு வரும். தயிரின் புளிப்பும் சோடாவும் சேர்ந்து கரியமில வாயு உண்டாகிறது. பிறகு அரை கப் எண்ணெய், ஒன்றரை கப் மைதா. கட்டியில்லாமல் கலந்து, எண்ணெய் தடவிய பாத்திரத்தில் ஊற்றி, சிம்மில் 40 முதல் 45 நிமிடம்.

இதில் மனசுக்கு என்ன இருக்கிறது என்கிறீர்களா? கால் டீஸ்பூன் கூடினால் சோடா நாறும் என்னும்போது, மனசு அந்த ஸ்பூனை விட்டு நகராது. அரியரை நினைக்கக் கை சும்மா இருக்க வேண்டுமே! மனநல சிகிச்சையில் 'பிஹேவியரல் ஆக்டிவேஷன்' என்று ஒரு முறை உண்டு. மனசு சரியாகட்டும் என்று காத்திராமல் சின்ன வேலை ஒன்றை முதலில் தொடங்கச் சொல்வார்கள். தெம்பு பின்னால் வரும்.

முதல் கேக் நடுவில் குழிந்துபோனது. பொறுக்காமல் பதினைந்தாம் நிமிடமே மூடியைத் திறந்துவிட்டேன். மாவு இறுகுவதற்குள் சூடு இறங்கினால் குமிழிகள் அமுங்கிவிடும். தோற்றதற்குக் காரணம் இன்னதென்று கைமேல் தெரிந்தது எனக்குப் பெரிய ஆறுதல். அடுத்த ஞாயிறு மறுபடி செய்தேன், உப்பி வந்தது.

ஒன்று சொல்லிவிடுகிறேன். வாரக்கணக்கில் தூக்கமில்லை, வாழவே பிடிக்கவில்லை என்றால் அதற்குக் கேக் போதாது. 2022 அக்டோபரில் மத்திய அரசு தொடங்கிய டெலி மானஸ் இருக்கிறது. எண் 14416. காசில்லை, தமிழிலேயே பேசலாம். வெட்கப்படாதீர்கள்.

அந்த இரண்டாவது கேக்கில் ஒரு துண்டை அப்பா முன்னால் வைத்துவிட்டு நகர்ந்தேன். தின்று முடித்தவர், "சர்க்கரை கொஞ்சம் தூக்கலா இருக்குடா" என்றார். ரிசல்ட்டுக்குப் பிறகு அவர் என்னிடம் பேசிய முதல் பேச்சு அதுதான்.