அக்டோபர் விடுமுறையில் ஹாங்சோ போகலாமா?

கேள்வி: திருப்பூர் பனியன் கம்பெனியில் மெர்ச்சண்டைசராக இருந்தேன். இப்போது குவாங்சோவில் வேலை. அக்டோபர் முதல் வார லீவில் ஹாங்சோ மேற்கு ஏரியைப் பார்க்க ஆசை. கூட்டம் தாங்காது என்கிறார்கள். போகலாமா?
– வாசகி, குவாங்சோ

பதில்: அந்த வாரம் மட்டும் வேண்டாம் அம்மா. அக்டோபர் 1 சீனாவின் தேசிய தினம். அதையொட்டிய ஒரு வார விடுமுறை 1999-ல் தொடங்கியது. தீபாவளிக்கு முந்தின நாள் திருப்பூர் பஸ் ஸ்டாண்டில் நின்றிருப்பீர்கள். அந்த நெரிசல் ஒரு நாடு முழுக்க, ஒரு வாரம் நீடிப்பதாக நினைத்துக்கொள்ளுங்கள். ஏரியின் 'உடைந்த பால'த்தில் தண்ணீர் தெரியாது, தலைகள்தான் தெரியும். ரயில் டிக்கெட் 15 நாள் முன்பு திறக்கும். நல்ல நேரத்து வண்டிகள் உடனே தீர்ந்துவிடும்.

உங்கள் ஊரில் நடக்கும் கான்டன் வணிகக் கண்காட்சியில் ஆடை, துணி வகைகள் மூன்றாம் கட்டத்தில், அக்டோபர் 31 முதல் நவம்பர் 4 வரை வரும். அந்த வேலை ஓய்ந்ததும் ஒரு வார இறுதியில் கிளம்புங்கள். அப்போதும் ஹாங்சோவுக்கு முன் சுவான்சோவைப் பாருங்கள் என்பேன். நம் வணிகர்கள் கடல் கடந்து போய்த் தங்கிய துறைமுகம் அது. அங்கே சிவன் கோயில் ஒன்று இருந்தது. 1281-ம் ஆண்டுத் தமிழ்க் கல்வெட்டும் கிடைத்திருக்கிறது. கையுவான் புத்தர் கோயிலின் பின்புறத் தூண்கள் இரண்டில் கண்ணனும் நரசிம்மரும் இருக்கிறார்கள். தமிழ் பேசும் ஒருவர் அந்தத் தூண்களின் முன் அவசரமில்லாமல் நிற்க வேண்டும். பாஸ்போர்ட்டைக் கையோடு வையுங்கள். ரயிலேறவும் ஹோட்டலில் அறை எடுக்கவும் அது வேண்டும்.