முடிந்த கல்யாணத்தில் சோதித்துப் பார்

அன்புள்ள தம்பி,

எடிட்டிங் மென்பொருளின் புதுப் பதிப்பை இந்த வாரமே போட்டுவிடட்டுமா என்று கேட்டிருக்கிறாய். வைகாசி முகூர்த்தத்தில் எடுத்த கல்யாணங்கள் பாதி மிக்சிங்கில் நிற்பதாகவும் அதே கடிதத்தில் எழுதியிருக்கிறாய். அவை முடியாதவரை வேண்டாம். எந்தப் பதிப்பில் தொடங்கினாயோ அந்தப் பதிப்பிலேயே முடித்துக் கொடு.

இந்த மென்பொருள்களில் முன்னால் போகலாம், திரும்பி வர முடியாது. பிரீமியரில் பழைய ப்ராஜெக்டைப் புதுப் பதிப்பில் திறந்தால் அதைப் புது வடிவத்துக்கு மாற்றித்தான் சேமிக்கும். அந்தக் கோப்பைப் பழைய பதிப்பு தொடாது. டாவின்சி ரிசால்வில் பெரிய பதிப்பு மாறும்போது ப்ராஜெக்ட் லைப்ரரியையே மாற்றச் சொல்லிக் கேட்கும். சரி என்று ஒரு தடவை அழுத்திவிட்டால் அதற்குள் இருக்கும் அத்தனை கல்யாணமும் சேர்ந்து அந்தப் பக்கம் போய்விடும். முன்கூட்டி பேக்கப் எடுத்திருந்தால்தான் மீட்சி.

2011 ஜூனில் நடந்தது உனக்குத் தெரிந்திருக்காது, பள்ளிக்கூடத்தில் இருந்திருப்பாய். ஆப்பிள் நிறுவனம் ஃபைனல் கட் ப்ரோ எக்ஸை வெளியிட்டது. பெயர்தான் பழசு, உள்ளே எல்லாமே புதிது. ஃபைனல் கட் 7-இல் செய்த ப்ராஜெக்டுகளை அது திறக்கவில்லை. மல்ட்டிகேம் 2012 ஜனவரியில்தான் வந்து சேர்ந்தது. பழைய பதிப்பின் விற்பனையையும் நிறுத்தினார்கள். எடிட்டர்கள் கொதித்துப்போனார்கள், பலர் பிரீமியருக்கும் ஆவிடுக்கும் மாறினார்கள். ஆனால் 7-ஐ அழிக்காமல் வைத்திருந்தவர்களுக்கு வேலை ஒன்றும் நின்றுவிடவில்லை. அதே 7-இல் தொகுத்த ‘பாரசைட்’ 2019-இல் வெளிவந்து, சிறந்த படத்துக்கான ஆஸ்காரை வாங்கியது. எடிட்டிங்குக்கும் பரிந்துரை பெற்றது.

அதற்காகப் பழசையே கட்டிக்கொண்டு இரு என்று சொல்லமாட்டேன். இந்தியாவிலேயே ஆவிடை முதலில் பயன்படுத்திய படம் என்று பேர் வாங்கியது 1994 பொங்கலுக்கு வந்த நம் ‘மகாநதி’. ஹாலிவுட் எடிட்டர் வால்டர் மர்ச் ‘கோல்ட் மவுன்டன்’ படத்தை ஃபைனல் கட்டில் தொகுத்தார். அவ்வளவு பெரிய படத்துக்கு அதை நம்ப அப்போது யாரும் துணியவில்லை. ருமேனியாவில் படப்பிடிப்பு தொடங்குமுன்பே அவரும் உதவியாளர்களும் உட்கார்ந்து சோதித்தார்கள். வெட்டுவது சுலபமா என்பது அவர்களுடைய பெரிய கவலை இல்லை. வெட்டுப் பட்டியலும் ஒலியும் அடுத்த ஆள் கைக்கு ஒழுங்காகப் போய்ச் சேருமா என்பதைத்தான் துருவினார்கள். புதுப் பதிப்பைத் திறந்து நாலு கிளிப்பை வெட்டி ஒட்டி ‘சூப்பரா ஓடுது’ என்று நீ முடிவு கட்டினால் எனக்குப் பயம் வருவது இதனால்தான். பார்ட்டி கையில் பென்டிரைவ் போய், அவர்கள் வீட்டு டிவியில் ஓடும்வரை சோதனை முடியவில்லை.

இன்னொன்று. உன் கேமராமேன் புது சோனி வாங்கிய பிறகுதான் டைம்லைன் விட்டு விட்டு ஓடி அடித்துக்கொள்கிறது என்கிறாய். ஏ7-4-இல் எக்ஸ்ஏவிசி எச்எஸ், 10 பிட் 4:2:2 என்று வைத்திருப்பார், அது எச்.265. அந்த வகையை 50 வரிசைக்கு முந்திய என்விடியா ஆர்டிஎக்ஸ் கார்டுகள் வன்பொருளில் பிரிக்காது. இன்டெல்லின் 11-ஆம் தலைமுறை முதல் உள்ளே இருக்கும் குவிக் சிங்க் பிரிக்கும். உன் சிபியு அதற்கு முந்தையது என்றால் எத்தனை பதிப்பு ஏற்றினாலும் அடித்துக்கொள்ளத்தான் செய்யும். முதலில் ப்ராக்ஸி போட்டுப் பார். அல்லது அவரை எக்ஸ்ஏவிசி எஸ்-ஐயில் எடுக்கச் சொல். கார்டு சீக்கிரம் நிறையும், ஆனால் வெட்ட இலகு. இந்த முகூர்த்த சீசனை இதிலேயே ஓட்டிவிடலாம்.

அப்படியும் புதுப் பதிப்பு வேண்டும் என்றால், ஆடி பிறக்கட்டும். தண்டையார்பேட்டையில் ஆடி சும்மா இருக்காது, கூழ் வார்ப்பும் அம்மன் ஊர்வலமும் எடுக்கச் சொல்லி வருவார்கள். ஆனால் கல்யாண வீட்டுக்காரர்களைப் போல நாள் குறித்து நெருக்கமாட்டார்கள். காசிமேட்டில் படகுக்குப் புது என்ஜின் பொருத்தினால் வலையும் ஐஸும் ஏற்றாமல்தான் வெள்ளோட்டம் விடுவார்கள். நீயும் டெலிவரி கொடுத்து, பணம் வாங்கி, எல்லாம் முடிந்த ஒரு கல்யாணத்தை எடுத்துக்கொள். அதன் ப்ராஜெக்டையும் ஃபுட்டேஜையும் தனி ஹார்ட் டிஸ்கில் நகல் எடு. பிரீமியர் என்றால் நிறுவும்போது பழைய பதிப்பை நீக்கு என்று ஒரு டிக் தானாகவே விழுந்திருக்கும், அதை எடுத்துவிடு. இரண்டும் பக்கத்தில் பக்கத்தில் ஓடும். ரிசால்வ் அப்படியில்லை, பழையதன் மேலேயே உட்காரும். அதற்கு வேறு எஸ்எஸ்டியில் தனி விண்டோஸ் போட்டுக்கொள். பிரீமியரின் இலவசச் சோதனை 7 நாள்தான், ஆகவே எல்லாவற்றையும் அடுக்கி வைத்துவிட்டு ட்ரையலைத் தொடங்கு. கிராக் பதிப்பில் சோதிக்கலாமே என்று யாராவது சொன்னால் கேட்காதே. அதோடு வைரஸ் வந்து டிஸ்கைப் பூட்டினால் மாட்டிக்கொள்வது நீ மட்டுமில்லை, உன்னை நம்பிக் கொடுத்த குடும்பங்களும்தான்.

அந்தக் கல்யாணத்தை முழுசாக ரெண்டர் செய். பிறகு ஒரு டைம்லைனில் முன்பு டெலிவரி கொடுத்த ஃபைலைக் கீழேயும் புது ரெண்டரை மேலேயும் வை. மேலே இருப்பதன் பிளெண்ட் மோடை டிஃபரன்ஸ் என்று மாற்று. இரண்டும் ஒன்றென்றால் திரை கறுப்பாக இருக்கும். மெல்லிய புழுதி மாதிரித் தெரிந்தால் அது கம்ப்ரஷன், விட்டுவிடு. தாலி கட்டும் இடத்தில் ஆட்களின் ஓரமெல்லாம் கோடு கோடாக மின்னினால் ஒரு ஃப்ரேம் நகர்ந்திருக்கிறது. புடவை மட்டும் நிறத்தோடு தெரிந்தால் லட் வேறு மாதிரி ஏறியிருக்கிறது. ப்ளக்-இன் வேலை செய்யாத இடம் பளிச்சென்று தெரியும். கண்ணால் மட்டும் ஒப்பிட்டால் இதில் பாதி உனக்குப் பிடிபடாது. கெட்டிமேளத்தை மட்டும் ஹெட்போனில் தனியாகக் கேள்.

டைட்டிலை விடாதே. பிரீமியரின் 2023 பதிப்போடு பழைய டைட்டிலர் போய்விட்டது. பாமினி, வானவில் போன்ற எழுத்துருக்களில் நீ செய்து வைத்த பெயர் அட்டைகளை யூனிகோடுக்கு மாற்றும்போது கொம்பு எழுத்துக்கு முன்னால் வராமல் பின்னால் தொங்கும், ஸ்ரீ சிதறும். பிரிஃபரன்ஸில் எழுத்து எஞ்சினைத் தெற்காசிய மொழிகளுக்கு மாற்றி, கெ, கே, கை, கொ, கோ, கௌ, ஸ்ரீ எல்லாம் வரும்படி ஒரு டெஸ்ட் டைட்டில் செய்து பார். பொண்ணோட அப்பா முதலில் பார்ப்பது பெயரைத்தான்.

எல்லாம் சரியாக வந்தாலும் பழைய பதிப்பை எடுத்துவிடாதே. நம் பக்கத்தில் கல்யாண வீடியோ கல்யாணத்தோடு முடிவதில்லை. வருஷங்கள் கழித்து, அப்பா தவறிவிட்டார், அவர் சிரிக்கிற மாதிரி படம் எங்களிடம் வேறு இல்லை என்று வந்து நிற்பார்கள். ஃபுட்டேஜும் ப்ராஜெக்டும் அதைத் திறக்கும் மென்பொருளும் மூன்றும் உன்னிடம் இருந்தால்தான் அவர்களுக்கு நீ பதில் சொல்லலாம். அடோபி கடைசி ஒன்றிரண்டு பெரிய பதிப்புகளைத்தான் இறக்கிக்கொள்ளக் கொடுக்கிறது, அழித்தது பிறகு கிடைக்காது. டிஸ்க்குகளைக் கடையில் கீழே வைக்காதே. 2023 டிசம்பரில் மிக்ஜாம் வந்தபோது நம் தெருக்களில் தண்ணீர் நின்றதைப் பார்த்தவன் நீ. ஒரு நகல் மாடியில் இருக்கட்டும், இன்னொன்று வேறு வீட்டில்.

சோதனை முடிந்ததும் எந்த டைம்கோடில் எது மாறியது என்று குறித்து எனக்கு அனுப்பு. ப்ராக்ஸி போட்ட பிறகும் சோனி ஃபுட்டேஜ் அடித்துக்கொண்டால் ஒரு கிளிப்பும் சேர்த்து அனுப்பு, என் மெஷினில் போட்டுப் பார்த்துச் சொல்கிறேன்.

அன்புடன்,
அண்ணன்