முதல் வளைவும் வளைந்த ஆக்ஸிலும்

பார்முலா ஒன் வீரர்களில் பெரும்பாலோர் சிறுவயதில் ஓட்டிப் பழகியது கார்ட் எனும் குட்டி வண்டியைத்தான். அயர்டன் சென்னா 13 வயதில் முதல் கார்ட் பந்தயத்தில் இறங்கினார். 1956-ல் கலிபோர்னியாவில் ஆர்ட் இங்கெல்ஸ் செய்த முதல் கார்ட், புல்வெட்டும் மெஷினின் எஞ்சினில் ஓடியது!

இதில் ஸ்பிரிங் கிடையாது, டிபரன்ஷியல் கிடையாது, சீட் பெல்ட்டும் கிடையாது. உட்காருவதோ பத்துப் பன்னிரண்டு வயசுப் பிள்ளைகள். ஆகவே மோதல் எப்படி நடக்கிறது என்பதை மெக்கானிக்கல் கண்ணோடு பார்ப்போம்.

ஸ்டார்ட் ஆனதும் எல்லா வண்டியும் ஒரே கொத்தாக முதல் வளைவுக்குப் பாய்கின்றன. வேகம் 80 கி.மீ. என்றால் நொடிக்கு 22 மீட்டர். முன்னால் போகிறவன் பிரேக் பிடித்ததைக் கண்டு நம் கால் அசையக் கால் நொடி ஆகிறது என்று வைத்துக்கொள்வோம். இருவரும் ஒரே அளவு பிரேக் பிடித்தாலும், வேகம் 40-க்கு இறங்குவதற்குள் இடைவெளியில் 2.8 மீட்டர் போய்விடும். அதாவது ஒன்றரை வண்டி நீளம். இருப்பதோ அரை வண்டி இடைவெளி! அப்புறம் எப்படி இடிக்காமல் இருக்கும்?

போதாக்குறைக்கு டயர் சூடாகியிருக்காது, பிடிப்பு குறைவு. அதனால் முன்னவர்கள் வழக்கத்தைவிட முன்னதாகவே பிரேக் பிடிப்பார்கள். பிராக்டிஸில் பிடித்த இடத்திலேயே பிடிப்பேன் என்கிற பையன்தான் போய் ஏறுவான். சிறுவர் வண்டிகளில் பிரேக் பின் ஆக்ஸிலுக்கு மட்டும்தான். திருப்பிக்கொண்டே அழுத்தினால் பின்பக்கம் சுழன்றுவிடும். நேராக இருக்கும்போதே வேகத்தைக் குறைத்துவிட வேண்டும். கண் முன்வண்டியின் பம்பரில் இருக்கக்கூடாது. அதற்கும் முன்னால் மூன்றாவது வண்டியைப் பார்த்தால் அந்தக் கால் நொடி மிச்சம்.

இன்னொரு ஆபத்து சக்கரத்தோடு சக்கரம் தொடுவது. உருளும் சக்கரத்தின் பின்பக்கம் மேல்நோக்கி நகரும் அல்லவா? அதை நம் முன்டயர் தொட்டால் வண்டியையே தூக்கிப் போட்டுடும். பின்பக்கம் அகலமான பிளாஸ்டிக் தடுப்பு வைப்பது இதற்காகத்தான். 2015-ல் சர்வதேசப் போட்டிகளில் முன்பம்பரையும் மாற்றினார்கள். இடித்தால் அது உள்ளே நழுவிவிடும். நழுவிய பம்பரோடு வந்தவனுக்கு நேர அபராதம். ‘இடிக்காதே’ என்று நூறு தடவை சொல்வதைவிட இது மேல் என்பது என் கருத்து.

சரி, இடிச்சாச்சு. இனி நம் வேலை. டை ராடைக் கழற்றி சர்பேஸ் பிளேட்டில் உருட்டினால் வளைவு கண்ணுக்கே தெரியும். பின் ஆக்ஸிலைச் சுழற்றி டயல் கேஜ் வைத்துப் பார்க்கலாம். ஸ்டீயரிங் ராடைக் கையால் சுற்றும்போது ஓரிடத்தில் இறுகினால் அதுவும் வளைந்திருக்கிறது. பிரேமின் குழாய் ஓரளவு வளைந்து கொடுப்பதுதான் இந்த வண்டிக்கு சஸ்பென்ஷன். எனவே பிரேமை மட்டமான மேஜையில் வைத்து நாலு மூலை உயரமும் அளக்க வேண்டும். திருகியிருந்தால் வண்டி ஒரு பக்கம் நன்றாகத் திரும்பும், மறுபக்கம் இழுக்கும். பிரேமை ஜிக்கில் பூட்டி அழுத்தி நிமிர்த்தலாம். வெடிப்பு இருந்தால் டிக் வெல்டிங் போடலாம். ஆனால் குரோம்-மாலி எஃகு என்பதால் தண்ணீர் ஊற்றிக் குளிர வைக்கக்கூடாது. வெல்டிங்குக்குப் பக்கத்தில் கடினமாகி மறுபடி விரியும்.

ஸ்டப் ஆக்ஸில், ஸ்டீயரிங் ராடு இரண்டுக்கு மட்டும் பெண்டு எடுக்கிற வேலையே வேண்டாம். ‘தட்டி நேராக்கிக் கொடுப்பா, செலவு மிச்சம்’ என்று பையனின் அப்பா கேட்பார். வளைத்து நிமிர்த்திய உலோகத்துக்குள் கண்ணுக்குத் தெரியாத வெடிப்பு இருக்கலாம். அது அடுத்த வளைவில் முறிந்தால் சக்கரம் தனியாகப் போகும். பழைய பாகத்தை அவர் கண்முன்னே இரண்டாக அறுத்துப் போட்டுவிட்டு, புதியதை மாட்டுங்கள்.