சித்திரைக்குத் தெற்கே ஓர் அயல் மண்டலம்



கோயிலுக்குள் நிற்பவருக்குக் கோபுரத்தின் முழு உருவம் தெரியாது. வீதிக்கு வந்தால்தான் தெரியும். நாம் வாழும் பால்வீதி மண்டலமும் அப்படித்தான். சூரியனும் நாமும் அதற்குள்ளேயே இருக்கிறோம். வெளியே போய்ப் பார்க்க வழியில்லை. ஆகவே அதைப் போன்ற அயல் மண்டலங்களைப் பார்த்து நம்முடையதை அறிகிறோம். அவற்றுள் ஒன்று எம் 83.

எங்கே பார்ப்பது?

மே மாதக் கடைசியில், அதாவது வைகாசியில், இரவு ஒன்பது மணியளவில் சிட்னியில் வடக்கு நோக்கி நில்லுங்கள். உயரத்தில் நீலவெண்மையாக ஒளிர்வது நமது சித்திரை நட்சத்திரம். கையை முன்னே நீட்டி விரல்களை மடக்கினால் முட்டியின் அகலம் ஏறக்குறைய 10 பாகை. சித்திரையிலிருந்து தெற்கே இரண்டு முட்டி அளவு வந்தால், உச்சிக்கு அருகே எம் 83 இருக்கும். ஊர் வெளிச்சமில்லாத இடத்தில் பைனாகுலரில் மங்கிய புகைத்திட்டுப்போல் தெரியும். 1752இல் லக்காய் என்ற பிரெஞ்சு வானியலாளர் நன்னம்பிக்கை முனையிலிருந்து இதைக் கண்டறிந்தார்.

பட்டை எதற்கு?

இதன் நடுவே நட்சத்திரங்கள் நீண்ட பட்டைபோல் திரண்டிருக்கின்றன. பட்டையின் இரு முனைகளிலிருந்தும் சுருள் கைகள் புறப்படுகின்றன. சுழலும் பட்டையின் ஈர்ப்பு, வாய்க்கால் வயலுக்கு நீர் கொண்டுபோவதுபோல், வாயுவை மையத்துக்குக் கொண்டுசேர்க்கிறது. அங்கே புதிய நட்சத்திரங்கள் பிறக்கின்றன. நம் பால்வீதிக்கும் இத்தகைய பட்டை உண்டு. 2005இல் ஸ்பிட்சர் விண்வெளித் தொலைநோக்கியின் ஆய்வு அதை உறுதிப்படுத்தியது.

கூட்டமாக வாழ்தல்

மண்டலங்கள் பெரும்பாலும் கூட்டமாகவே இருக்கின்றன. பால்வீதியும் ஆண்ட்ரோமீடாவும் பல சிறு மண்டலங்களோடு ஒரு கூட்டம். எம் 83 நமது அயல் கூட்டத்தைச் சேர்ந்தது. அக்கூட்டத்துக்கு இரண்டு தலைகள்: ஏறத்தாழ 1½ கோடி ஒளியாண்டு தொலைவில் எம் 83, சுமார் 1 கோடி 20 லட்சம் ஒளியாண்டு தொலைவில் சென்டாரஸ் ஏ.

1923 முதல் 1983 வரை எம் 83இல் ஆறு நட்சத்திர வெடிப்புகள் காணப்பட்டன. கடைசியாக 1983இல் வெடித்ததைக் கண்டவர் நியூ சவுத் வேல்ஸைச் சேர்ந்த ராபர்ட் எவன்ஸ் என்ற கிறித்தவப் போதகர். தொழில்முறை வானியலாளர் அல்லர். நூற்றுக்கணக்கான மண்டலங்களின் தோற்றத்தை மனத்தில் பதித்து வைத்திருந்ததால், புதிய புள்ளி ஒன்று வந்ததும் அவர் கண்ணுக்குப் பட்டது. அந்த ஒளி புறப்பட்டபோது பூமியில் மனிதரே இல்லை.

சிந்திக்க: எம் 83இலிருந்து ஒருவர் இன்று பூமியைப் பார்த்தால், எந்தக் காலத்துப் பூமியைக் காண்பார்? பெற்றோரோடு பேசி விடை காணுங்கள்.